சாய்தளம் இருக்கிறது, ஆனால் உள்ளே போக முடியாது

ஒரு கட்டிடத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று பதில் வரும். படிவத்தில் ஒரு டிக் விழும். அதோடு விசாரணை முடிந்தது. அந்தச் சாய்தளத்தின் கீழ் முனை வரை வந்து சேர வழி இருக்கிறதா, மேல் முனையில் என்ன இருக்கிறது, உள்ளே போனவர் கழிப்பறைக்குப் போக முடியுமா என்றெல்லாம் கேட்க அந்தப் படிவத்தில் இடம் இருக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொருள்களின் கணக்காகவே போகிறது. இத்தனை சாய்தளம், இத்தனை லிஃப்ட், இத்தனை பிரெய்ல் பலகை. ஆனால் ஒருவர் கிளம்புவது ஓர் இடத்துக்குப் போய், ஒரு வேலையை முடித்து, திரும்பி வருவதற்காக. வீட்டு வாசலிலிருந்து வங்கிக் கவுன்ட்டர் வரை பத்துக் கட்டம் இருக்கிறதென்றால், ஒன்பது சரியாக இருந்து ஒன்று கெட்டிருந்தாலும் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் பாஸ் என்கிற கணக்கு இங்கே செல்லாது. பெரும்பாலும் அந்த ஒன்று கெட்டுப்போவது ஒரு துறையின் பொறுப்பு முடிந்து இன்னொரு துறையின் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான். நடைபாதை ஒருவருடையது, பேருந்து வேறொருவருடையது, கட்டிடம் மூன்றாமவருடையது. நடுவில் இருக்கும் அரை அடிப் பள்ளம் யாருடையதும் இல்லை.

எத்தனை பேரின் பிரச்சினை இது? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி ஏறக்குறைய 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க அளவில் உடற்குறைபாடோ மனநலக் குறைபாடோ இருக்கிறது. வயது ஏற ஏற இந்தப் பங்கும் ஏறும். காலில் மாவுக்கட்டுப் போட்டவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஏழு மீட்டர் கணக்கு

முதலில் சாய்தளத்தையே கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு படி என்றால் 60 செ.மீ. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு 1:12. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆக அந்த நான்கு படிக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். கட்டிடம் கட்டி முடித்து, வாசலில் செடி வைத்து, வண்டி நிறுத்தக் கோடும் போட்ட பிறகு ஏழு மீட்டருக்கு எங்கே போவது? இருக்கிற இரண்டு மீட்டரில் சிமென்ட்டைக் கொட்டிச் சரித்துவிடுகிறார்கள். அந்தச் சரிவு 1:3-ஐ ஒட்டி வந்துவிடும். தன் கையால் சக்கரத்தைத் தள்ளுகிறவர் அதில் ஏறவே முடியாது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இறங்கும்போது இன்னும் மோசம். அதைச் சறுக்குமரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, 1:12 கணக்கிலேயே கட்டிவிட்டார்கள். மேலே போனதும் ஒரு கதவு. அது வெளிப்பக்கமாகத் திறக்கிறது, முன்னால் சமதளம் விடவில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவை இழுத்து, இழுத்த கதவு தன் மேலேயே இடிக்காமல் பின்னால் நகர வேண்டும். சரிவில் நின்றுகொண்டு இதைச் செய்ய இரண்டு கை போதாது. அதனால்தான் சாய்தளத்தின் மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சமதளம் விடச் சொல்கிறார்கள். இருபுறமும் கைப்பிடி கேட்பதும் அலங்காரத்துக்கு இல்லை. பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிறவர், ஏறும்போது வலப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தால், இறங்கும்போது அதே கைக்கு எதிர்ப்பக்கக் கைப்பிடிதான் எட்டும்.

இந்த அளவுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் முதல் அணுகல் தரநிலை 1961ல் வந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி நுஜென்ட் தலைமையில் நடந்த ஆய்வுகள்தான் அதற்கு அடிப்படை. அறுபது ஆண்டுக்கு மேலாகக் கையில் இருக்கிற கணக்கு இது. வரைபடம் போடும்போதே ஏழு மீட்டரை ஒதுக்கினால் கூடுதல் செலவு பெரிதாக இருக்காது. கட்டி முடித்தபின் இடித்துச் செய்தால் செலவும் ஏறும், வேலையும் அரைகுறையாகத்தான் நிற்கும். "பட்ஜெட் இல்லை" என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம், எந்தக் கட்டத்தில் இல்லாமல் போனது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

கழிப்பறைக்கு வருவோம். நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறந்தால் அந்த வட்டத்தைக் கதவே தின்றுவிடும். நாற்காலி உள்ளே போகும், கதவைச் சாத்த முடியாது. பீங்கான் இருக்கைக்குப் பக்கத்தில் காலியாக விட்ட இடம், சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தி அதிலிருந்து இதற்கு மாறி உட்காருவதற்கு. அங்கேதான் குப்பைத்தொட்டியைக் கொண்டுபோய் வைப்பார்கள். அவசரத்துக்கு இழுக்கும் கயிறு தரைவரை தொங்க வேண்டும், கீழே விழுந்து கிடப்பவர் இழுப்பதற்காக வைத்தது அது. துடைக்கும்போது மாட்டுகிறது என்று அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டிருப்பார்கள். இத்தனைக்கும் கழிப்பறை பூட்டாமல் இருந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். பல இடங்களில் அது வாளியும் துடைப்பமும் வைக்கும் அறை, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கட்டியவர் குறை வைக்கவில்லை. பராமரிக்கிறவருக்கு அது எதற்கென்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருவருக்கு வழி, இன்னொருவருக்கு ஆபத்து

தெருமுனையில் நடைபாதையின் விளிம்பைச் சரித்துவிடும் வழக்கம் இப்போது பல நாடுகளில் உண்டு. 1940களிலேயே அமெரிக்காவின் கலமசூ நகரில், போரில் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்காக இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் இதை ஓர் உரிமையாகக் கேட்டுப் பரப்பியதில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குப் பெரிய பங்கு உண்டு. எட் ராபர்ட்ஸ் 1962ல் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்தவர். அவர் மூச்சுவிட உதவிய 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய இயந்திரத்தின் எடையைத் தாங்கும் விடுதி அறை இல்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரும் நண்பர்களும் கிளப்பிய கோரிக்கைகளில் ஒன்று தெருமுனைச் சரிவு. 1970களின் தொடக்கத்தில் பெர்க்லி நகராட்சி அதைத் திட்டமிட்டுச் செய்யத் தொடங்கியது.

தள்ளுவண்டிக்காரர், பெட்டி இழுக்கும் பயணி, குழந்தை வண்டியோடு வரும் தாய் எல்லோருக்கும் அதனால் லாபம் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. வெள்ளைக்கோலோடு நடக்கும் பார்வையற்றவருக்கு அந்த விளிம்புதான் "இங்கே நடைபாதை முடிகிறது, அடுத்து வண்டி ஓடும் சாலை" என்று சொல்லும் அடையாளம். அதை மழுங்கச் சரித்துவிட்டால் தெரியாமலே சாலைக்குள் இறங்கிவிடுவார். சக்கர நாற்காலிக்கு நல்லது செய்யப்போய் வெள்ளைக்கோலுக்குக் குழி பறித்த மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு விடை ஜப்பானில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பார்வை மங்கிக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்காக செய்ச்சி மியாகே என்பவர் 1965ல் புடைப்புப் புள்ளிகள் கொண்ட தரை ஓடு ஒன்றை உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே சாலைக் கடப்பில் அது முதலில் பதிக்கப்பட்டது. நீளக் கோடு என்றால் இந்தத் திசையில் போ, புள்ளி என்றால் நில், முன்னால் ஏதோ இருக்கிறது. சரிந்த விளிம்பில் புள்ளி ஓடு பதித்தால் நாற்காலியும் இறங்கும், கோலுக்கும் செய்தி போய்விடும். மஞ்சள் நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கும், பளிச்சென்ற நிறம் அவர்களுக்கு உதவும். தரையின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று சாம்பல் ஓட்டில் சாம்பல் புள்ளி பதிக்கும் கட்டிடக்கலைஞர்களை என்ன சொல்வது!

அந்த ஓட்டுப் பாதைக்கும் இதே இணைப்புப் பிரச்சினைதான். கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தால் மின்கம்பத்தில் போய் முட்டும். நடுவில் பள்ளம் தோண்டி மூடியவர்கள் ஓட்டைத் திருப்பி வைக்கும்போது கோடும் புள்ளியும் இடம் மாறியிருக்கும். ஓட்டின் மேலேயே வண்டி நிறுத்தியிருக்கும். தவறான தகவல் தரும் பாதை, பாதையே இல்லாததைவிட மோசம். இல்லாதபோது அவர் எச்சரிக்கையாகவாவது நடப்பார்.

ஐரோப்பிய நகரங்களில் இதே முரண் வேறு வடிவில் வந்தது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையில் உள்ள விளிம்பையே எடுத்துவிட்டு, எல்லாரும் கண்ணால் பார்த்து விட்டுக்கொடுத்துப் போகட்டும் என்று தெருக்களை அமைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டுநரின் கண்ணைப் பார்க்க முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியைப் பார்வையற்றோர் அமைப்புகள் எழுப்பின. பிரிட்டிஷ் அரசு 2018ல் இங்கிலாந்தில் இத்தகைய சமதளத் திட்டங்களை நிறுத்திவைக்குமாறு உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது.

திரையிலும் அதே கதை

செல்போன் வந்தபின் பாதி வேலை வீட்டிலிருந்தே முடிகிறது என்பது பலருக்குப் பெரிய விடுதலை. பார்வையற்றவர் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளை வைத்துப் பயன்படுத்துகிறார். கணினியில் பலர் பயன்படுத்தும் என்விடிஏ அப்படியொன்று, இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ல் ஆஸ்திரேலியாவில் அதை எழுதத் தொடங்கினார். கருவி இருக்கிறது, அது படிப்பதற்கு அங்கே ஏதாவது எழுதியிருக்க வேண்டும். படத்தை மட்டும் பொத்தானாக வைத்து, அதற்குப் பெயர் கொடுக்காமல் விட்டால், குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லும். எது அனுப்பு, எது அழி?

டிக்கெட் முன்பதிவை நினைத்துப் பாருங்கள். தேடும் பக்கம் சரியாக இருக்கிறது, இருக்கை தேர்வும் எப்படியோ முடிகிறது. பணம் கட்டும் பக்கம் வேறொரு நிறுவனத்துடையது. அங்கே கோணல் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய் என்கிறது. அதைத் தாண்டினால் ஓடிபி. குரலில் கேட்டு, செயலி மாறி, எண்ணைக் கேட்டு, திரும்பி வந்து, கட்டத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கை நடுக்கம் உள்ளவருக்கும் இதே கதி. நேரத்தை நீட்டிக்க ஒரு பொத்தான் வைத்தால் போதும். இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டுதல் 1999ல் முதலில் வந்தது, நேர நீட்டிப்பு அதன் இப்போதைய பதிப்பில் அடிப்படைத் தேவைகளில் ஒன்று. அதே வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் 4.5:1 வேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அதில் தேறாது. இணைய அணுகலுக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது, 2025ல் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியாலேயே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தன. அதிகம் கண்ட பிழை அந்த மங்கல் எழுத்துதான்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் உங்கள் தளம் முழுக்க அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பெயரில்லாத பொத்தானுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து பெயர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

கண்ணுக்குத் தெரியாதவை

காது கேளாதவர்களின் சிரமம் வெளியே தெரிவதே இல்லை. ரயில் நிலையத்தில் நடைமேடை மாறியதை ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லிவிட்டால், சுற்றி இருப்பவர்கள் திடீரென ஓடுவதைப் பார்த்துத்தான் அவர் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்புப் பலகையில் மாற்றவும் ஆள் வேண்டும், அதே நிமிடத்தில் மாற்ற வேண்டும். எழுதிக் காட்டினால் போதும் என்பதும் முழுக்கச் சரியில்லை. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960லேயே அமெரிக்கச் சைகை மொழியை வைத்துக் காட்டிவிட்டார். பிறவியிலேயே கேளாத பலருக்கு அதுதான் முதல் மொழி, எழுத்து இரண்டாவது. ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் துண்டுச்சீட்டில் விசாரிப்பது, அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதற்குச் சமம்.

ஆட்டிசம் உள்ளவர், வலிப்பு நோயாளி, நெடுநாள் வலியோடு இருப்பவர் இவர்களைப் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தால் முறைப்பார்கள். 2016ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்தி போட்ட கழுத்துப் பட்டை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். என் குறை வெளியே தெரியாது, கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று ஊழியருக்குச் சொல்லும் அடையாளம் அது. இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் இருக்கிறது. பயனுள்ளதுதான். ஆனால் மரியாதையாக நடத்தப்படுவதற்கு ஒருவர் தன் உடல்நிலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருப்பது எனக்கு நெருடுகிறது.

பழக்கத்தில் மாற வேண்டியவை சிறியவை, காசு செலவில்லாதவை. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதை உடன் வந்தவரிடம் கேட்காமல் இருப்பது. கேட்காமல் நாற்காலியைத் தள்ளாமல் இருப்பது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுப்பது.

சட்டத்துக்கும் விதிக்கும் நடுவில்

இணைப்பு அறுந்துபோவது சட்டத்திலும் நடக்கும். அமெரிக்கா 1973ல் மறுவாழ்வுச் சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணம் பெறும் எந்த இடமும் உடற்குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504ஆம் பிரிவு. சட்டம் வந்தது, அமல்படுத்தும் விதிகளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான்கு ஆண்டு ஓடியது. 1977 ஏப்ரல் 5 அன்று மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகையில் வெளியே செய்தி அனுப்பினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது. 1990 மார்ச்சில், தனியார் இடங்களையும் சேர்க்கும் சட்டம் இழுபறியில் இருந்தபோது, சுமார் 60 பேர் நாற்காலியையும் ஊன்றுகோலையும் விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டிடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சட்டம் வந்தது.

ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2006 டிசம்பரில் நிறைவேற்றியது. 2008 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு வேறு கடமைகளை அது பிரித்துச் சொல்கிறது. ஒன்று, யார் வருவார் என்று தெரியாவிட்டாலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது: சாய்தளம், பலகை, இணையதளம். இன்னொன்று, குறிப்பிட்ட ஒருவர் கேட்கும்போது அவருக்காகச் செய்து தர வேண்டியது: தேர்வில் கூடுதல் நேரம், வேலையில் நேர மாற்றம், உயரம் மாறும் மேசை. முதலாவதைச் செய்யாத நிறுவனங்கள் "யாரும் கேட்கவில்லையே" என்பார்கள். இரண்டாவதைக் கேட்டால் "ஒருவருக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா" என்பார்கள். இரண்டையும் கலந்து குழப்பித்தான் பல இடங்களில் தப்பிக்கிறார்கள்.

அதே உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் அவர்களைக் கூப்பிடுவது திறப்பு விழாவுக்கு. அப்போது சுவரை நகர்த்த முடியாது. கூப்பிட வேண்டியது வரைபடம் போடும் நாளில், ஒரு முறை பணி முடிந்து ஒப்படைக்கும் முன், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. சக்கர நாற்காலியில் ஒருவர், வெள்ளைக்கோலோடு ஒருவர், காது கேளாத ஒருவர், அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் வேண்டும். ஒரே ஒருவரைக் கூப்பிட்டால் தெருமுனைச் சரிவில் நடந்ததுதான் மறுபடி நடக்கும். மற்ற ஆலோசகர்களுக்குத் தருவது போல அவர்களுக்கும் கட்டணம் தர வேண்டும்.

அவர்களோடு சேர்ந்து போக வேண்டிய தூரம் பேருந்து நிறுத்தத்திலிருந்து கவுன்ட்டர் வரை, அங்கிருந்து கழிப்பறை வரை. லிஃப்ட்டை நிறுத்திவிட்டு அவசர வழியாக வெளியே வந்தும் பார்க்க வேண்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் லிஃப்ட் பயன்படாது, நான்காம் மாடியில் இருக்கும் நாற்காலிக்காரர் எங்கே காத்திருப்பார், யார் வந்து இறக்குவார் என்பது பல கட்டிடங்களில் எழுதியே வைக்கப்படவில்லை. வழியில் தட்டுப்படும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு துறையின் பெயரையும் ஒரு தேதியையும் எழுதச் சொன்னால், சிலவற்றுக்கு "இது எங்கள் எல்லையில் இல்லை" என்று எல்லாத் துறையும் கைகழுவும். வேலையைத் தொடங்க வேண்டியது அந்தச் சிலவற்றிலிருந்து.